உலோகவியல் இடங்கள்: பெயரைப் பார்த்தா, பாடத்தைப் பார்த்தா?

தேஜஸ் போர் விமானம் ஏன் தாமதமாகிறது என்ற கேள்வி நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் புதிதல்ல. 83 மார்க்-1ஏ ரக விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் சுமார் ரூ. 48,000 கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றுக்கான 99 என்ஜின்களை வழங்க அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துடன் அதே ஆண்டில் தனி ஒப்பந்தம் செய்யப்பட்டது. முதல் என்ஜின் கைக்கு வந்ததோ 2025 மார்ச் மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் உறுப்பினர்கள் அமெரிக்க நிறுவனத்தின் மீதும், அரசு நிறுவனத்தின் மீதும் மாறி மாறிக் கோபத்தைக் காட்டினர். சொந்த என்ஜின் ஏன் இல்லை என்ற கேள்வியும் அவ்வப்போது எழுந்து அடங்கியது.

சொந்த என்ஜினுக்கான திட்டம் இல்லாமல் இல்லை. தமிழகத்தினருக்கு நெருக்கமான ஒரு நதியின் பெயரால் 'காவிரி' என்று அழைக்கப்பட்ட அத்திட்டத்துக்கு 1989-ல் அனுமதி அளிக்கப்பட்டது. 2008-ல் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எதிர்பார்த்த உந்துவிசையை எட்ட முடியாமை, கூடுதல் எடை, சோதனை வசதிகளின் போதாமை எனக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானது பொருள் சார்ந்தது. என்ஜினின் வெப்பப் பகுதியில் சுழலும் விசையாழித் தகடுகள், தாம் உருகும் வெப்பநிலையைவிட அதிக வெப்பமுள்ள வாயுவின் நடுவே வேலை செய்ய வேண்டியவை. நிக்கல் கலப்புலோகத்தை ஒரே படிகமாக வார்த்து, உள்ளே குளிர்காற்று செல்ல நுண்ணிய வழிகள் அமைத்தால்தான் அது சாத்தியம். இத்தகைய தகடுகளை உருவாக்கும் திறன் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷியா போன்ற மிகச் சில நாடுகளிடமே உள்ளது. ஹைதராபாதில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சி ஆய்வகம் இத்தகைய தகடுகளை உருவாக்கி, ஹெலிகாப்டர் என்ஜினுக்காக 60 தகடுகளை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்ததாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. காவிரிக்கு அனுமதி கிடைத்து 32 ஆண்டுகள் கழிந்த பிறகு.

அந்த ஆய்வகத்தில் அமர்ந்து அந்தத் தகட்டை வார்க்கக்கூடியவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று எந்த உறுப்பினரும் கேட்டதாக நினைவில்லை. அவர்கள் வருவது ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை நிரப்பும் கூட்டு இட ஒதுக்கீட்டு ஆணையத்தின் கலந்தாய்வு வழியாக. 23 ஐ.ஐ.டி.களும், 31 என்.ஐ.டி.களும், பிற மத்திய நிறுவனங்களும் ஒரே வரிசையில் நிற்கும் அந்தக் கலந்தாய்வில், உலோகவியலும் பொருளறிவியலும் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதைக் கவனித்தால், காவிரியின் தாமதத்துக்கு அமெரிக்காவை மட்டும் குறை சொல்லத் தோன்றாது.

பம்பாய் ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் பொதுப்பிரிவு இடங்கள் நாட்டின் முதல் நூறு தரவரிசைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அதே வளாகத்தில் உலோகவியல் மற்றும் பொருளறிவியல் இடங்கள் ஆயிரங்களில் உள்ள தரவரிசைக்குக் கிடைக்கின்றன. ஏறத்தாழ எல்லாப் பழைய ஐ.ஐ.டி.களிலும் இதே நிலைதான். எனவே மாணவர் செய்யும் கணக்கு எளிது. கணினி அறிவியல் கிடைக்காது, மின்னணுவியலும் கிடைக்காது, ஆனால் பெரிய நிறுவனத்தின் பெயர் வேண்டும். அந்தப் பெயரை வாங்குவதற்கு உலோகவியல் ஒரு நுழைவுச்சீட்டு. முதலாண்டில் நல்ல மதிப்பெண் எடுத்து வேறு துறைக்கு மாறலாம் என்பது பலரது இரண்டாவது கணக்கு. அந்தக் கதவும் மூடப்பட்டு வருகிறது. சில ஐ.ஐ.டி.கள் அண்மை ஆண்டுகளில் துறை மாற்ற வசதியையே நிறுத்திவிட்டன.

இந்தக் கணக்கைப் போடும் பெற்றோரை ஏளனம் செய்வதில் பொருளில்லை. பொகாரோவிலோ ரூர்கேலாவிலோ ஓர் உருக்காலைக் குடியிருப்பில், மூன்று ஷிப்ட் வேலையில் தொடங்கும் வாழ்க்கையையும், பெங்களூரில் குளிரூட்டப்பட்ட அறையில் தொடங்கும் வாழ்க்கையையும் ஒப்பிட்டுத்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள். தொடக்கச் சம்பளத்திலும் பல வேளைகளில் உருக்காலை பின்தங்கியே இருக்கிறது. நாட்டுக்குத் தேவை என்பதற்காக ஒரு பதினேழு வயது பிள்ளை தன் எதிர்காலத்தைப் பணயம் வைக்க வேண்டும் என்று தில்லியிலிருந்து உபதேசிப்பவர்களின் பிள்ளைகள் எந்த உலையின் முன்பும் நிற்பதில்லை.

ஆனால் நிறுவனத்தின் பெயர் என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் பாதுகாப்பானதல்ல என்பதற்கு நாடாளுமன்றத்திலேயே சான்று உண்டு. கல்வி, மகளிர், குழந்தைகள், இளைஞர் நலம் மற்றும் விளையாட்டுத் துறைக்கான நிலைக்குழு, திக்விஜய் சிங் தலைமையில் 2025 மார்ச் மாதத்தில் அளித்த அறிக்கையில், 2021-22-க்கும் 2023-24-க்கும் இடையே ஐ.ஐ.டி.களில் வளாக வேலைவாய்ப்பு வழக்கத்துக்கு மாறாகச் சரிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. பெயர் மட்டுமே வேலை வாங்கித் தரும் என்ற நம்பிக்கைக்கு இது முதல் அடி. அந்த அறிக்கை விவாதிக்கப்பட்ட விதத்தில் வேறொரு குறையும் தெரிந்தது. எந்த ஐ.ஐ.டி.யில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதுதான் பேசப்பட்டது. எந்தத் துறையில் என்பது பேசப்படவில்லை. ஒரு நிறுவனத்தின் சராசரிச் சம்பளம் என்று விளம்பரப்படுத்தப்படும் எண், உலோகவியல் படிக்கப் போகும் மாணவருக்கு எதையும் சொல்வதில்லை. உலோகவியல் துறையின் எண்ணைக் கொடுத்தாலும், அதில் எத்தனை பேர் உலோகவியல் வேலைக்கே போனார்கள் என்பது மறைந்துவிடுகிறது.

மத்திய அரசின் தேசிய தரவரிசையும் இங்கே உதவுவதில்லை. 2016 முதல் வெளியாகும் அந்தப் பட்டியல் பொறியியல் கல்லூரிகளை மொத்தமாக வரிசைப்படுத்துகிறதே தவிர, துறைவாரியாக அல்ல. ஒட்டுமொத்த வரிசையில் பின்னால் நிற்கும் ஒரு கல்லூரியின் உலோகவியல் துறை, முன்னால் நிற்கும் நிறுவனத்தின் அதே துறையைவிடச் சிறந்து விளங்க வாய்ப்புண்டு. பாடத்திட்டத்துக்குத் தனியே அங்கீகாரம் வழங்குவது தேசிய அங்கீகார வாரியம். 2014-ல் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிரந்தர உறுப்பினரான பிறகு, அந்த அங்கீகாரத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. கல்லூரி வாசலில் ஒட்டப்பட்டிருக்கும் தரவரிசை எண்ணைப் பார்க்கும் பெற்றோரில் எத்தனை பேர், தம் பிள்ளை சேரப்போகும் பாடத்துக்கு இந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்?

துறையின் பெயரே ஒரு குழப்பம். உலோகவியல் பொறியியல், உலோகவியல் மற்றும் பொருட்பொறியியல், பொருளறிவியல் மற்றும் பொறியியல், பீங்கான் பொறியியல், கனிம மற்றும் உலோகவியல் பொறியியல் என்றெல்லாம் கலந்தாய்வுப் பட்டியலில் பெயர்கள் வருகின்றன. 1923-ல் இத்துறைக் கல்வியைத் தொடங்கிய காசி ஹிந்து பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கழகம், 2012-ல் ஐ.ஐ.டி.யான பிறகும் 'உலோகவியல் பொறியியல்' என்ற பழைய பெயரையே வைத்திருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி. தனது துறையின் பெயரிலிருந்து உலோகவியலை நீக்கிவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் உலோகவியல் துறை இப்போது பொருட்பொறியியல் துறை. புதிய பெயர் மாணவர்களை ஈர்க்கும் என்பது நிறுவனங்களின் எண்ணமாக இருக்கலாம். ஆய்வு உலகம் திரும்பிய திசையும் அதுதான். நானோ பொருள்கள், பேட்டரிகள், மின்னணுப் பொருள்கள், கணினி வழிப் பொருள் வடிவமைப்பு ஆகியவற்றில் ஆய்வுக் கட்டுரைகள் விரைவாக வெளியாகும், நிதியும் கிடைக்கும்.

இதற்குக் கொடுத்த விலை என்ன என்பதுதான் இப்போது தெரிய வருகிறது. தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் பாடம் பல துறைகளில் மெல்லச் சுருங்கியது. அதைக் கற்பித்த மூத்த பேராசிரியர் ஓய்வு பெற்றால், அந்த இடத்துக்கு வேறு சிறப்புத் துறையினர் வந்தனர். உலகெங்கிலும் இதே போக்குதான். உருக்குலை, தாது, கசடு என்பதெல்லாம் சென்ற நூற்றாண்டின் சொற்களாகக் கருதப்பட்டன. 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. இந்திய மோட்டார் வாகன நிறுவனங்கள் காந்தம் கிடைக்காமல் தில்லிக்கு ஓடி வந்தபோதுதான், சென்ற நூற்றாண்டின் அந்தப் பாடம் எவ்வளவு தேவை என்பது அமைச்சகங்களுக்கு உறைத்தது.

இந்தியாவிடம் மண் இல்லையா? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவறையிலும், ஒடிஸா கடற்கரையிலும் உள்ள மணலில் மோனசைட் இருக்கிறது. 1950-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம் அதைக் கையாண்டு வருகிறது. (அந்த மணலை அள்ளுவதற்குக் கிள்ளியூர் வட்டாரத்து மக்கள் காட்டும் எதிர்ப்பு தனியே பேச வேண்டிய விஷயம்.) குறை மண்ணில் இல்லை; மண்ணுக்கும் காந்தத்துக்கும் இடைப்பட்ட படிகளில் இருக்கிறது. இந்தத் தனிமங்கள் வேதியியல் குணத்தில் ஒன்றையொன்று ஒத்தவை. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கக் கரைப்பான் வழியில் நூற்றுக்கணக்கான கட்டங்கள் தேவைப்படும். பிரித்த ஆக்சைடை உலோகமாக்க வேண்டும். உலோகத்தைக் கலப்புலோகமாக்க வேண்டும். அதைப் பொடித்து, காந்தப்புலத்தில் அழுத்தி, சூடேற்றி இறுக்கிக் காந்தமாக்க வேண்டும். ஆக்சைடு வரை இந்தியா வந்துவிட்டது. அதன் பிறகான படிகளைத் தொழிற்சாலை அளவில் கொண்டு வரத்தான் 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ரூ. 7,280 கோடியில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் என்பது இலக்கு. இப்படிகளில் கணிசமானவை உலோகவியலாளரின் வேலை. அதிலும் பாடத்திட்டத்தில் சுருங்கிப்போன பகுதியைக் கற்ற உலோகவியலாளரின் வேலை.

இதற்கு முன்னரே, 2025 ஜனவரியில், தேசிய முக்கியக் கனிமத் திட்டத்துக்கு அரசு ரூ. 16,300 கோடியும், பொதுத்துறை நிறுவனங்கள் ரூ. 18,000 கோடியும் செலவிடும் என அறிவிக்கப்பட்டது. 2017-ன் தேசிய உருக்குக் கொள்கையோ, 2030-31-க்குள் உருக்கு உற்பத்தித் திறனை 30 கோடி டன்னாக உயர்த்துவதாகச் சொல்கிறது. குறைகடத்தித் தொழிலுக்கு 2021 டிசம்பரில் ரூ. 76,000 கோடி ஒதுக்கப்பட்டது. கோடிகளுக்குக் குறைவில்லை. பம்பாய், ஹைதராபாத், தன்பாத் ஐ.ஐ.டி.களும், 1950-ல் நேரு திறந்து வைத்த ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகமும் உள்ளிட்டவை கனிமத் திட்டத்தின் சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் சிறப்பு மையத்துக்கு ஆய்வாளர் வேண்டும். ஆய்வாளருக்கு முன்னால் பட்டதாரி வேண்டும். விருப்பமில்லாமல் வந்து, நான்காம் ஆண்டில் மென்பொருள் நேர்முகத்தேர்வுக்குத் தயாராகும் வகுப்பிலிருந்து அவரை எப்படிப் பெறுவது?

அரசே அந்த மாணவருக்கு அளிக்கும் செய்தியைப் பாருங்கள். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பொறியியல் பணித் தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், மின்னணுவியல் ஆகிய நான்கு பிரிவுகள்தான் உண்டு. உலோகவியல் இல்லை. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களிலும் முதல் மூன்றுக்கு இடமுண்டு, உலோகவியலுக்கு இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள் 'கேட்' தேர்வின் வழியே ஆள் எடுப்பது மட்டுமே மிச்சம். இன்னொரு புறம், அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கழகம் 2024-27-க்கான விதிமுறைக் கையேட்டில், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடங்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை நீக்கிவிட்டது. கணினி அறிவியல் இடங்கள் பெருகுவதும், அடிப்படைப் பொறியியல் பிரிவுகள் ஒடுங்குவதும் அதன் இயல்பான விளைவு. சுரங்க அமைச்சகம் உலோகவியலாளர் வேண்டும் என்கிறது. கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள அமைப்பு கணினிக்குக் கதவைத் திறந்து விடுகிறது. இரண்டும் ஒரே அரசுதான்.

இந்த நிலையில் இத்துறையை விரும்பித் தேர்ந்தெடுக்கும் மாணவர் எதைப் பார்ப்பது? முதலில், பாடத்திட்டத்தை நேரடியாகப் படிக்க வேண்டும். பிரித்தெடுத்தல், வெப்ப இயக்கவியல், உலோக அமைப்பு, இயந்திரப் பண்புகள், அரிமானம் ஆகியவை முழுப் பாடங்களாக இருக்கின்றனவா, அல்லது ஒரே பருவத்தில் அள்ளித் தெளிக்கப்படுகின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும். பேராசிரியர் பட்டியலில் ஒவ்வொருவரின் ஆய்வுத் துறையும் இருக்கும். அனைவரும் நானோ பொருளில் இருந்தால், அந்தத் துறை எதைக் கற்பிக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ஆய்வகம் இருக்கிறதா என்று கேட்பது போதாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி எல்லாப் பெரிய நிறுவனங்களிலும் இருக்கும். இளநிலை மாணவர் அதைத் தொட அனுமதி உண்டா என்பதே கேள்வி. பல இடங்களில் அது கண்ணாடிக்கு அப்பால் இருந்து பார்ப்பதற்குரிய பொருளாகவே இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் இருப்பவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

இடமும் முக்கியம். இந்தத் துறையை ஆலையிலிருந்து பிரித்துக் கற்க முடியாது. ரூர்கேலா, ஜாம்ஷெட்பூர், துர்காபூர் என்.ஐ.டி.களுக்கு அருகிலேயே பெரும் உருக்காலைகள் இருக்கின்றன. ஹைதராபாத் ஐ.ஐ.டி.யைச் சுற்றிப் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், 1973-ல் தொடங்கிய மிதானி, அணு எரிபொருள் வளாகம் ஆகியவை உள்ளன. திருச்சி என்.ஐ.டி.க்கு அருகில் பெல் நிறுவனமும் அதன் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் உள்ளன, சென்னை ஐ.ஐ.டி.க்குக் கல்பாக்கம் எட்டும் தூரம். கோடைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பப்படும் மாணவர் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பறையும் தராது. தமிழகத்தில் 2007 முதல் நுழைவுத் தேர்வு இன்றி, பிளஸ் 2 மதிப்பெண்ணிலேயே பொறியியல் சேர்க்கை நடக்கிறது. சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் அந்த வழியில் உலோகவியல் படிக்க முடியும். கோச்சிங் மையத்துக்கு லட்சங்கள் கட்ட முடியாத, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு இந்த வழி திறந்திருப்பதை, ஐ.ஐ.டி. என்ற மூன்றெழுத்தின் மயக்கத்தில் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று: இளநிலையிலேயே இத்துறையை எடுத்தால்தான் பொருளறிவியலாளர் ஆகலாம் என்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ல் மெக்கானிக்கல் பட்டம் பெற்ற சுப்ரா சுரேஷ், பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொருளறிவியல் துறையின் தலைவராகவும், 2010-ல் அந்நாட்டு தேசிய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் ஆனார். பாரத ரத்னா சி.என்.ஆர். ராவ் வேதியியலிலிருந்து வந்தவர். எனவே நல்ல கல்லூரியில் மெக்கானிக்கலோ வேதிப்பொறியியலோ கிடைத்து, மேற்படிப்பில் இங்கே வருவது இழப்பு அல்ல. வலுவற்ற துறையில் 'பொருட்பொறியியல்' என்ற பெயருக்காகச் சேர்வதுதான் இழப்பு.

இவற்றையெல்லாம் ஒரு குடும்பம் தானே தேடித் திரட்ட வேண்டியிருப்பது ஏன் என்பதே அரசை நோக்கிய கேள்வி. கலந்தாய்வு முழுவதையும் மத்திய அரசின் அமைப்பே நடத்துகிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எந்தத் துறையில் எத்தனை இடம் என்ற பட்டியலை அது வெளியிடுகிறது. அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில், அந்தத் துறையில் நிரப்பப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, சென்ற ஆண்டு பட்டம் பெற்றவர்களில் அதே துறையில் வேலைக்கும் ஆய்வுக்கும் சென்றவர் எத்தனை என்ற இரண்டு எண்களைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். நிறுவனங்கள் தயங்கும் என்பது உண்மை. உண்மையான எண் வெளிவந்தால் பெயரின் பளபளப்பு சற்றுக் குறையலாம்.

பட்ஜெட் கூட்டத்தொடரில் சில அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் மட்டுமே மக்களவையில் விவாதத்துக்கு வருகின்றன. மற்றவை கடைசி நாள் மாலையில் 'கில்லட்டின்' முறையில் மொத்தமாக நிறைவேறிவிடும். உருக்கும் சுரங்கமும் பெரும்பாலும் அந்த மொத்தத்தில் சேர்பவை. அதற்குச் சில மாதங்கள் கழித்து, ஜூன் மாதத்தில், முதல் சுற்றில் ஓர் என்.ஐ.டி.யில் உலோகவியல் கிடைத்த மாணவர் கணினியின் முன் அமர்ந்திருப்பார். அந்த இடத்தையே உறுதி செய்வதா, அதே நிறுவனத்தில் வேறு துறைக்குக் காத்திருக்கும் 'ஸ்லைடு' முறையைத் தேர்வதா, எந்த நிறுவனமானாலும் சரி என்று 'ஃபுளோட்' கொடுப்பதா என்று முடிவெடுக்க அவருக்குச் சில நாள்களே அவகாசம். அவர் முன்னால் இருப்பது சென்ற ஆண்டின் இறுதித் தரவரிசை எண் மட்டும்.